மல்லர் கம்பம்: கம்பத்தில் ஏறும் வழிகளின் வரலாறு

மல்லர் கம்பம் என்பது நிலத்தில் நட்ட மரக் கம்பத்திலோ, தொங்கவிட்ட கம்பத்திலோ, கயிற்றிலோ உடலை ஏற்றி, பற்றி, திருப்பி, நிலைநிறுத்தும் இந்திய உடற்பயிற்சிக் கலை. மராத்தியில் இது ‘மல்லகாம்ப்’ எனப்படும். ‘மல்ல’ என்பது மற்போர் வீரரையும், ‘காம்ப்’ என்பது தூணையும் குறிக்கும். பெயர் சொல்வது போலவே இது மற்போர் வீரர்களின் பயிற்சிக் கருவியாக இருந்து, பின்னர் தனிக் கலையாகவும் போட்டி விளையாட்டாகவும் வளர்ந்தது.

மல்லர் கம்பத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் படங்கள். கம்பத்தின் உச்சியில் ஒருவர் தலைகீழாக நிற்பார். கயிற்றில் ஒரு சிறுமி பத்மாசனத்தில் அமர்ந்திருப்பார். படம் காட்டுவது முடிந்த நிலையை மட்டுமே. அந்த நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைப் படம் காட்டாது. ஆனால் பயிற்சிக் கூடத்தில் ஆசிரியர் கற்றுத்தருவதில் பெரும்பகுதி அந்த ‘எப்படி’தான். ஒரே நிலைக்குக் குதித்தும் செல்லலாம், ஊர்ந்தும் செல்லலாம், மேலிருந்து சறுக்கியும் வந்து சேரலாம். ஒவ்வொரு வழிக்கும் வேறு தசை, வேறு பிடி, வேறு துணிவு தேவை. இக்கட்டுரை மல்லர் கம்பத்தின் வரலாற்றை இந்த ஏறும் வழிகளின் பக்கமிருந்து பார்க்கிறது. ஒப்பீட்டுக்காகச் சீனக் கம்பக் கலையையும் இன்றைய போல் நடனத்தையும் எடுத்துக்கொள்கிறது.

தொடக்கச் சான்றுகள்

கம்பத்தில் செய்யும் உடற்பயிற்சிக்குத் தெளிவான பழைய எழுத்துச் சான்றாகக் கொள்ளப்படுவது ‘மானசோல்லாசம்’. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வடமொழியில் இயற்றிய நூல் இது. அரசர்களின் பொழுதுபோக்குகளைக் கூறும் பகுதியில் மற்போரும் இடம்பெறுகிறது. மல்லர்கள் அன்றாடம் செய்ய வேண்டிய பயிற்சிகளாக எடை தூக்குதல், நடை, நீச்சல் ஆகியவற்றோடு ‘ஸ்தம்ப சிரமம்’ என்ற தூண் பயிற்சியையும் நூல் குறிப்பிடுகிறது. குஜராத்தின் ஜேட்டி மல்லர் மரபோடு தொடர்புடைய ‘மல்லபுராணம்’ என்ற நூலும் தூண் பயிற்சியைப் பேசுகிறது.

இவற்றிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். தூண் அன்று ஆட்டக் களமாக இருக்கவில்லை. அசையாத எதிராளியாக இருந்தது. மற்போரில் ஒரு பிடியை எப்படித் தொடங்குவது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். எதிராளியின் இடுப்பைக் கால்களால் கவ்வுவது எளிது. கவ்வும் இடத்துக்கு அவர் விடாதபோது போய்ச் சேர்வதே கடினம். சலிக்காமல் நிற்கும் தூணின் மீது நூறு முறை பாய்ந்து கவ்விப் பழகிய மல்லனுக்குக் களத்தில் அந்தப் பாய்ச்சல் தானாக வரும். ஆகவே மல்லர் கம்பத்தில் ஏறும் வழிகளுக்குக் கிடைத்த முதன்மை அதன் பிறப்பிலேயே உள்ளது.

தமிழிலும் மற்போர்ச் செய்திகள் பழமையானவை. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்று பெயர்பெற்றான். இவற்றைக் கொண்டு மல்லர் கம்பம் தமிழகத்திலேயே தோன்றியது என்று சொல்லும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. ஆனால் இச்சான்றுகள் மற்போரைச் சொல்கின்றனவே தவிர, தூண் பயிற்சியைச் சொல்லவில்லை. கம்பத்திலும் கயிற்றிலும் வித்தை காட்டும் கழைக்கூத்து தமிழகத்தில் தொன்மையானது. கயிற்றின் மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையொலியைக் குறுந்தொகையின் 7ஆம் பாடல் உவமையாக்குகிறது. ஆயினும் கழைக்கூத்து பார்வையாளருக்கான வித்தை. தூண் பயிற்சி மல்லன் தனக்காகச் செய்வது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதற்கில்லை.

பேஷ்வா காலமும் பாலம்பட்டரும்

இன்று வழங்கும் மல்லர் கம்பத்தின் தந்தையாக மராத்தி மரபு கொண்டாடுவது பாலம்பட்ட தாதா தேவதரை. இவர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அவையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். ஐதராபாத்திலிருந்து அலி, குலாப் என்ற இரு மல்லர்கள் புணேவுக்கு வந்து அறைகூவல் விடுத்ததாகவும், எவரும் முன்வராதபோது பாலம்பட்டர் அவகாசம் கேட்டதாகவும் கதை தொடங்குகிறது. அவர் நாசிக் அருகே உள்ள சப்தசிருங்கி மலைக்குச் சென்று தவமிருந்தார். அனுமன் தோன்றி மரத்தூணின் மீது பிடிகளைச் செய்து காட்டினார். பாலம்பட்டர் திரும்பிவந்து வென்றார் என்று கதை முடிகிறது.

இது தொன்மக் கதை. தூண் பயிற்சி பாலம்பட்டருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததை மானசோல்லாசம் காட்டுகிறது. ஆனாலும் கதையில் ஒரு நுட்பம் உண்டு. பாலம்பட்டருக்கு அனுமன் தந்தது வலிமையை அல்ல, பிடிகளுக்குள் செல்லும் வழிகளை. உடல் பருத்த எதிராளியை வலிமையால் மட்டும் வெல்ல முடியாது, நுழையும் வழி தெரிந்தவனே வெல்வான் என்ற மல்லர்களின் பட்டறிவு இக்கதைக்குள் இருக்கிறது.

1818இல் ஆங்கிலேயரிடம் தோற்ற பாஜிராவ், கான்பூருக்கு அருகில் கங்கைக் கரையில் உள்ள பிட்டூருக்கு அனுப்பப்பட்டார். அவரோடு அவையைச் சார்ந்தவர்களும் குடிபெயர்ந்தனர். மராத்தியக் கலைகள் பல இவ்வாறே வட இந்தியா சென்றன. பின்னாளில் ஜான்சி ராணி இலட்சுமிபாய் ஆன மணிகர்ணிகாவின் தந்தை மோரோபந்த் தாம்பே பிட்டூரில் பேஷ்வாவிடம் பணியாற்றியவர். நானா சாகிபோடு சேர்ந்து அவரும் அங்கே மல்லர் கம்பம் பழகினார் என்பது மராத்தியரிடையே வழங்கும் செய்தி. அரசு போனபின் கலைக்குப் புரவலர் இல்லை. அது அரண்மனையிலிருந்து ஊர்ப் பயிற்சிக் கூடங்களுக்கு வந்தது.

கம்பமும் ஏறும் முறைகளும்

போட்டிகளில் பயன்படும் நிலைக்கம்பம் தேக்கு அல்லது ஈட்டி மரத்தால் ஆனது. நிலத்துக்கு மேலே ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம் இருக்கும். அடிப்பகுதியின் சுற்றளவு சுமார் 55 செ.மீ.; மேலே செல்லச் செல்லக் குறுகி, கழுத்துப் போன்ற ஒடுங்கிய பகுதியும் அதன்மேல் ஒரு குமிழும் இருக்கும். தோல் உரிந்து புண்ணாகாமல் இருக்கக் கம்பத்தில் விளக்கெண்ணெய் தடவுவார்கள்.

இந்த அளவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் ஏறும் முறைகளின் காரணம் விளங்கும். 55 செ.மீ. சுற்றளவு என்றால் குறுக்களவு சுமார் 17 செ.மீ. இத்தனை பருமனான, எண்ணெய் பூசிய கம்பத்தை விரல்களால் வளைத்துப் பிடிக்க முடியாது. எனவே கைக்கு உதவியாகத் தொடை, கெண்டைக்கால், அக்குள், கழுத்து என உடலின் எல்லா மடிப்புகளும் பிடிகளாகின்றன. வழுக்கும் கம்பத்தில் தயங்கி ஏறுபவர் சறுக்கிவிடுவார். ஒரே வீச்சில் பாய்ந்து கவ்வுபவரே நிற்பார்.

பயிற்சியின் பகுப்புகள் மராத்திப் பெயர்களிலேயே நாடெங்கும் வழங்குகின்றன. அவற்றுள் சில:

சலாமி: தொடக்க வணக்கம்.

உடி: நிலத்திலிருந்து கம்பத்துக்குப் பாய்தல். சொல்லின் பொருளே ‘குதிப்பு’.

அடீ: கம்பத்தைக் கைகளால் பற்றி, உடலைத் தலைகீழாக்கி, கால்களால் கம்பத்தைக் கவ்வுதல். புதிதாக வரும் மாணவரின் முதற்பாடம் இதுவே.

பகலீ: அக்குளில் கம்பத்தை இடுக்கிச் செய்யும் வகை.

வேல்: கொடி என்று பொருள். மரத்தைச் சுற்றும் கொடியைப் போல உடலை வளைத்து வளைத்து மேலேறுதல்.

சூயீதோரா: ஊசியும் நூலும். கம்பத்தைப் பற்றிய கைகளுக்கு இடையே உள்ள வளையத்துக்குள் உடலை நூல்போல் நுழைத்து எடுத்தல்.

ஜாப்: பிடியை விட்டுத் தாவி மீண்டும் பற்றுதல்.

தாஜவா: தராசு. கம்பத்தின் உச்சியில் உடலைச் சமன்செய்து நிற்றல்.

இப்பட்டியலில் ஒரு செய்தி புலப்படும். உடி, வேல், சூயீதோரா, ஜாப் ஆகியவை நிலைகளின் பெயர்கள் அல்ல. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழிகளின் பெயர்கள். இக்கலையை வளர்த்தவர்கள் முடிவுக்கு மட்டும் பெயரிடவில்லை, பாதைக்கும் பெயரிட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, கால்களால் கம்பத்தைக் கவ்வித் தலைகீழாக இருக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். முதலில் மாணவர் இரு கைகளாலும் கம்பத்தைப் பற்றிக் கால்களைத் தூக்குவார். அது பழகியபின் அதே நிலைக்கு ஒரு கையால் செல்வார். பிறகு அக்குளில் இடுக்கியபடி பக்கவாட்டில் செல்வார். பின்னர் மேலே ஏறி, அங்கிருந்து பின்புறமாகச் சாய்ந்து அதே நிலைக்கு இறங்குவார். பார்ப்பவருக்கு நான்கும் ஒரே முடிவு. மாணவருக்கோ நான்கும் நான்கு பாடங்கள். தோள் வலிமை குறைந்தவருக்கு ஒரு வழி எளிது. இடுப்பு நெகிழ்ச்சி குறைந்தவருக்கு இன்னொன்று எளிது. ஒரு வழியை மட்டும் அறிந்தவர் அது தவறும்போது விழுவார். பல வழிகள் அறிந்தவர் தவறிய இடத்திலிருந்தே வேறொரு பிடிக்குத் திரும்புவார். பல வழிகளைக் கற்பது அழகுக்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும் ஏற்பட்ட முறை.

கம்பத்திலிருந்து கயிற்றுக்கு

நிலைக்கம்பத்தின் வழியில் தொங்கு கம்பமும், பிரம்பும், கயிறும் வந்தன. தொங்கு கம்பம் சங்கிலியில் ஆடுவதால், பாய்ந்து கவ்வினால் கம்பமே விலகிச் சுழலும். ஆகவே அங்கே பாய்ச்சலைக் குறைத்து, உடலைக் கம்பத்தோடு சேர்த்தே நகர்த்த வேண்டியுள்ளது.

கயிறு முற்றிலும் வேறு வகை. ஏறத்தாழ 5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பருத்திக் கயிற்றைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பற்றி ஏற வேண்டும். கயிற்றை உடலில் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் முடிச்சுப் போடக்கூடாது. இறுதியில் கயிற்றை உருவினால் எல்லாச் சுற்றும் அவிழ்ந்துவிட வேண்டும். இங்கே நிலைக்குள் செல்லும் வழி என்பது கயிற்றை எந்த வரிசையில் எந்த உறுப்பின் மீது சுற்றுவது என்பதே. ஒரு சுற்று மாறினால் நிலை உருவாகாது.

பெண்கள் இக்கலைக்குள் பரவலாக வந்தது கயிற்றின் வழியாக. நெடுங்காலம் நிலைக்கம்பம் ஆண்களுக்கு, கயிறு பெண்களுக்கு என்ற பிரிவே வழக்கில் இருந்தது. அண்மைக் காலத்தில் பெண்கள் நிலைக்கம்பத்திலும் போட்டியிடுகின்றனர். மும்பையைச் சேர்ந்த ஹிமானி பரப் மல்லர் கம்பத்துக்காக 2021ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்றார்.

பயிற்சிக் கூடங்களும் போட்டியும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடுதலை இயக்கத்தோடு உடற்பயிற்சி இயக்கமும் வளர்ந்தது. விதர்பாவின் அமராவதியில் 1914இல் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் தொடங்கப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது இதன் குழுவினர் அங்கே இந்திய விளையாட்டுகளைச் செய்துகாட்டினர். மும்பை தாதரில் சிவாஜி பூங்காவை ஒட்டி 1925இல் ஸ்ரீ சமர்த்த வியாயாம் மந்திர் எழுந்தது. இதன் ஆசிரியர் உதய் தேஷ்பாண்டே வெளிநாட்டு மாணவர் பலருக்கும் இக்கலையைக் கற்பித்தவர். 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அதே காலத்தில் பரோடாவிலிருந்து த. சி. மஜும்தார் பதிப்பித்த ‘வியாயாம் ஞானகோஷ்’ என்ற மராத்திக் கலைக்களஞ்சியம் 1936 முதல் 1949 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியரின் கையும் மாணவரின் உடலுமாக மட்டும் இருந்த பயிற்சிகள் அதில் படத்தோடும் விளக்கத்தோடும் அச்சேறின.

1981இல் உஜ்ஜயினியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. இந்திய மல்லர் கம்பக் கூட்டமைப்பும் அப்போது உருவானது. 2013இல் மத்தியப் பிரதேசம் இதை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. போட்டி வந்ததும் கால எல்லையும் மதிப்பெண்ணும் வந்தன. ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும் என்றபோது, ஒரு நிலையிலிருந்து இறங்காமல் நேரே அடுத்த நிலைக்குச் செல்லும் வழிகளுக்கு மதிப்புக் கூடியது.

சீனக் கம்பமும் போல் நடனமும்

கம்பத்தின் மீது வித்தை செய்வது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் சாங் ஹெங், மேலைத் தலைநகர் பற்றிய தம் நெடும்பாடலில் வண்டியின் மேல் நட்ட உயர்ந்த கம்பத்தில் சிறுவர்கள் வித்தை காட்டுவதை விவரிக்கிறார். தலைகீழாக விழுவது போலத் தோன்றி, குதிகாலால் பற்றிக்கொண்டு தொங்கும் வித்தையும் அதில் வருகிறது. அவரைக் கவர்ந்தது தொங்கும் நிலையை விட, அதற்குள் விழுந்து சேரும் வழி. இன்றைய சர்க்கஸ்களில் சீனக் கம்பம் பல மீட்டர் உயரமுடையது. ரப்பர் உறையிட்டதால் கலைஞர்கள் உடையும் காலணியும் அணிந்தே ஏறுகின்றனர்.

போல் நடனத்தின் அண்மைய வடிவம் 1980களில் வட அமெரிக்க இரவு விடுதிகளின் ஆட்டத்திலிருந்து வளர்ந்தது. 1990களில் கனடாவின் ஃபானியா மோண்டே போன்றவர்கள் அதைப் பொதுமக்களுக்கான உடற்பயிற்சியாகக் கற்பிக்கத் தொடங்கினர். 2009இல் சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது; 2012இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது. விடுதி நடனத்தோடு தங்களுக்குத் தொடர்பில்லை என்று புதிய மாணவர் சிலர் 2010களில் சமூக ஊடகங்களில் அறிவித்தபோது, அசைவுகளை உருவாக்கியவர்களே நாங்கள்தான் என்று அந்நடனக் கலைஞர்கள் மறுமொழி கூறினர்.

போல் நடனத்தின் உலோகக் கம்பம் பெரும்பாலும் 45 மி.மீ. குறுக்களவுள்ளது, சுற்றளவு 14 செ.மீ. மட்டுமே. கை முழுதாக வளைத்துப் பிடிக்கிறது. எண்ணெய் கூடாது, வெறும் தோலின் உராய்வே பிடியைத் தருகிறது. எனவே கையில் தொங்கிச் சுழன்றபடியே ஒரு நிலைக்குள் செல்லும் வழிகள் இங்கே பெருகின. ‘ஆயிஷா’ எனப்படும் நிலை நல்ல எடுத்துக்காட்டு. இரு கைகளை மட்டும் கம்பத்தில் ஊன்றி, தலைகீழாகக் கால்களை விரித்து நிற்பது அது. மேலே ஒரு காலை மடித்துத் தொங்கி, கைகளை இறக்கி ஊன்றி, பின்பு காலை விடுவித்து அதை அடையலாம். தரையிலிருந்து காலை உதைத்தெழும்பியும் ஏறத்தாழ அதே வடிவத்தை அடையலாம். முதல் வழியில் கால் கடைசிவரை காப்பாக இருக்கும். இரண்டாவதில் முழு எடையும் தொடக்கத்திலேயே தோளிலும் மணிக்கட்டிலும் இறங்கும். அதனால் ஆசிரியர்கள் பொதுவாக முதல் வழியை முதலில் கற்பிக்கின்றனர்.

மல்லர் கம்பம், சீனக் கம்பம், போல் நடனம் மூன்றிலும் ஒத்த தோற்றமுடைய நிலைகள் உண்டு. அதைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்வோர் உள்ளனர். மனித உடலும் நேரான தூணும் சேரும்போது வரக்கூடிய வடிவங்கள் குறைவு. அவை எங்கும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. ஒரு கலையின் தனித்தன்மையை அறிய, அது அந்த வடிவத்துக்குள் எப்படிச் செல்கிறது என்று பார்க்க வேண்டும். மல்லன் பாய்கிறான், சர்க்கஸ் கலைஞர் விழுகிறார், நடனக் கலைஞர் சுழல்கிறார். அவரவர் வந்த களம் அந்த வழியில் தெரிகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்தின் முதன்மையான மையம் விழுப்புரம். பயிற்றுநர் உலகதுரையின் முயற்சியால் அங்கே இக்கலை வேரூன்றியது. அவரிடமும் அவர் மாணவர்களிடமும் பயின்றவர்கள் பிற ஊர்களில் கற்பிக்கின்றனர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் மல்லர் கம்பமும் இடம்பெற்றது.

‘கம்பம்’ என்ற சொல் தமிழுக்கு அயலானதாகத் தோன்றாததால் மல்லர் கம்பம் என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. பயிற்சிச் சொற்களையும் கொடி, ஊசிநூல், தராசு, தாவல் எனத் தமிழில் வழங்கலாம். அப்பெயர்கள் நிலைகளை மட்டுமன்றி அவற்றுக்குச் செல்லும் வழிகளையும் குறிக்க வேண்டும். நிலையைப் படம் காப்பாற்றும். வழியை ஆசிரியரின் சொல்லும் கையும் மட்டுமே காப்பாற்றி வந்துள்ளன. ஓர் ஆசிரியர் கற்பிக்காமல் விட்ட வழி அவரோடு போய்விடும். அதனால் இக்கலையை ஆவணப்படுத்த விரும்பும் மாணவர்கள், உச்சியில் நிற்கும் நொடியை மட்டும் படமெடுக்காமல், நிலத்தில் கால் ஊன்றிய நொடியிலிருந்து பதிவு செய்வது பயன்தரும்.